கையேட்டுக்கு எதற்கு இத்தனை ஜோடனை?

பொங்கலுக்கு வந்திருந்த பேத்தி மூன்று நாளும் மடிக்கணினியும் கையுமாகவே உட்கார்ந்திருந்தாள். கரும்பைக் கடிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. அப்படி என்னம்மா தலைபோகிற வேலை என்று கேட்டேன்.

"எங்க டாக்குமென்டேஷன் சைட்டுக்கு எந்த ஃப்ரேம்வொர்க்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும் தாத்தா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள்.

என் வயது நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அவள் வேலை செய்யும் நிறுவனம் ஒரு மென்பொருள் கருவி செய்கிறது. அதை வாங்குவது நம்மைப் போன்றவர்கள் இல்லை, வேறு மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள். அவர்களுக்கு இந்தக் கருவியை எப்படிப் பொருத்துவது, என்ன கட்டளை கொடுத்தால் என்ன பதில் வரும் என்று சொல்லும் கையேடு வேண்டும். அந்தக் கையேடு இப்போது புத்தகமாக வருவதில்லை, இணையதளமாக வருகிறது. தளத்தை ஒவ்வொரு செங்கல்லாகக் கட்டாமல், ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம் ஒன்றை எடுத்து அதில் எழுத்தை ஊற்றுகிறார்கள். அந்தச் சட்டகம்தான் ஃப்ரேம்வொர்க்.

நான் ஆயுள் முழுக்க அரசாங்க குமாஸ்தா. சட்டகம் எனக்குத் தெரியாது. கையேடு தெரியும். விதிப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி ஒட்டியே விரல் தேய்ந்தவன். அதனால் விஷயத்தை விடவில்லை. இரண்டு மாதமாகப் படித்தேன், பேத்தியைத் தொலைபேசியில் குடைந்தேன். இப்போது எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அது கொஞ்சம் காரமான கருத்து.

அவளுடைய மேலாளர் கேட்டது நெக்ஸ்ட் ஜேஎஸ். பெரிய கடைகளும் செயலிகளும் கட்டப் பயன்படும் கனமான சட்டகம். "பார்க்க நவீனமா இருக்கணும்" என்பது அவர் வாதம். பேத்திக்கு டாக்யுசாரஸ் பிடித்திருந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் 2017-இல் கையேடுகளுக்கென்றே வெளியிட்டது அது. கூட வேலை செய்யும் ஒரு பையன் ஸ்பிங்க்ஸ் என்றானாம். அதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்களாம், அது பழசு என்று.

பழசு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பழசு என்பது எப்போதிலிருந்து குற்றமானது?

எங்கள் எதிர்வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிறான், பைத்தான் கற்கிறான். வீட்டில் கணினி கிடையாது. அண்ணன் கொடுத்த பழைய கைபேசிதான். மேல்சித்தாமூரில் மாலை ஆறு மணிக்கு மேல் எல்லோரும் வீடியோ பார்க்கத் தொடங்கினால் இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு நாள் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு கருவியின் கையேட்டைத் திறந்தான். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அஞ்சு நிமிஷம் சுற்றியது. எழுத்து வரவேயில்லை.

"ஜாவாஸ்கிரிப்ட் முழுசா எறங்கினாத்தான் எழுத்து வரும் ஐயா" என்றான்.

அவன் படிக்க வேண்டியிருந்தது ஒரு பத்தி. அதைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு முழு இயந்திரம் அவன் கைபேசிக்குள் இறங்கிப் பூட்டப்பட வேண்டும். ஒரு தபால் அட்டையைக் கொடுக்க லாரி வைத்துக்கொண்டு வந்த கதை. லாரி எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை, தபாலும் வரவில்லை.

அவனே இன்னொன்றையும் காட்டினான். பைத்தான் மொழியின் அதிகாரபூர்வக் கையேடு. கல்லூரியில் வைஃபை இருக்கும்போது மொத்தத்தையும் வெறும் எழுத்துக் கோப்புகளாக இறக்கி வைத்திருக்கிறான். இணையமே இல்லாவிட்டாலும் படிக்கிறான். அந்தக் கையேட்டை இணையப் பக்கமாகவும் இறக்கலாம், மின்னூலாகவும் இறக்கலாம், வெறும் எழுத்தாகவும் இறக்கலாம். ஒரே மூலம், பல நகல்.

அந்தக் கையேட்டைக் கட்டுவது எது தெரியுமா? சிரித்தார்களே, அந்த ஸ்பிங்க்ஸ்தான்.

இங்கே புதுச்சேரிக் கதை ஒன்று சொல்ல வேண்டும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். என் தாய்மாமன் அங்கே ஒரு நொத்தேரிடம் எழுத்தராக இருந்தார். நொத்தேர் என்றால் பிரெஞ்சுச் சட்டப்படி பத்திரம் எழுதி வைப்பவர். வீடு விற்றாலும் பாகம் பிரித்தாலும் அவர் முன்னால்தான் கையெழுத்து. கையெழுத்தான மூலப் பத்திரத்துக்கு 'மினூத்' என்று பெயர். அது நொத்தேரின் பொறுப்பிலேயே இருக்கும், கட்சிக்காரர் கைக்குப் போகாது. அவருக்குக் கிடைப்பது நகல். அமலாக்குவதற்கு எடுத்துப் போகும் நகலுக்கு 'குரோஸ்' என்று பெயர். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது.

மாமா சொல்வார்: "குரோஸ் தொலைஞ்சா மறுபடி எழுதிக்கலாம்டா. மினூத் தொலைஞ்சா எல்லாரும் தொலைஞ்சோம்."

கையேட்டுத் தளத்திலும் இதே கதைதான். நீங்கள் எழுதிய எழுத்து மினூத். திரையில் தெரியும் தளம் குரோஸ். எந்தச் சட்டகத்தை எடுப்பது என்று கேட்டால் என் பதில் இதுதான்: மினூத்தை உங்களிடம் விட்டுவைத்து, குரோஸை மட்டும் செய்து கொடுக்கும் சட்டகத்தை எடுங்கள். எதிலிருந்து நாளை சுலபமாக வெளியேற முடியுமோ அதற்குள் நுழையுங்கள். எழுத்தையே தன் வயிற்றுக்குள் விழுங்கிக்கொள்ளும் சட்டகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சட்டகம் எதுவும் நிலைப்பதில்லை. கூகுள் வெளியிட்ட ஆங்குலர் ஜேஎஸ்ஸை நம்பி உலகம் முழுக்கத் தளங்கள் கட்டினார்கள். 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கூகுள் அதைக் கைகழுவியது. கேட்ஸ்பி என்று ஒன்று. ரியாக்ட் கையேட்டுத் தளமே அதில்தான் இருந்தது. 2023-இல் கேட்ஸ்பி நிறுவனத்தை நெட்லிஃபை வாங்கியது, பிறகு அதன் வேகம் அடங்கிவிட்டது. அதே 2023-இல் ரியாக்ட் தன் கையேட்டைப் புதிதாக எழுதி நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸுக்குக் குடிபெயர்ந்தது.

நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எளிய சட்டகங்களுக்கும் இதே விதிதான். எம்கேடாக்ஸ் எனக்குப் பிடித்தமானது, 2014-இல் வந்தது. அதற்குப் பலரும் மாட்டிய அழகான மேலாடை மெட்டீரியல். அதைச் செய்தவர்களே 2025 இறுதியில் இனி இதில் புதிய வசதி சேர்க்க மாட்டோம், ஜென்சிக்கல் என்று வேறொன்று கட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், எம்கேடாக்ஸில் எழுதியவர்களின் எழுத்து மார்க்டவுன் கோப்புகளாக அவர்களிடமே இருக்கிறது. மார்க்டவுன் என்பது 2004-இல் வந்த எழுதும் முறை. தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் திறக்கும், மனிதக் கண்ணுக்கும் புரியும். அந்தக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம். குபர்நெட்டீஸ் என்ற பெரிய மென்பொருளின் கையேடு 2018-இல் ஜெக்கில் என்ற சட்டகத்திலிருந்து ஹ்யூகோவுக்கு மாறியது. எழுத்து கோப்புகளாக இருந்ததால் மாற முடிந்தது. எழுத்து முழுவதையும் செயலியின் உறுப்புகளுக்குள் செருகி வைத்தவன் என்ன செய்வான்? சுவரை இடித்துத்தான் சாமானை எடுக்க வேண்டும்.

பைத்தான் கையேடு முதலில் லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் இருந்தது. 2007-இல் கியார்க் பிராண்டல் என்பவர் அதை எளிய எழுத்துக் கோப்புகளாக மாற்றினார். அதைக் கட்டுவதற்கு அவர் செய்த கருவியே ஸ்பிங்க்ஸ், 2008-இல் வெளிவந்தது. இன்றும் பைத்தான் அதில்தான் நிற்கிறது. ஜாங்கோ அதில் நிற்கிறது. லினக்ஸ் கருவின் ஆவணங்கள் 2016-இல் அதற்கு வந்தன. இத்தனை வருஷமாக ஒரே சட்டகம். பார்க்க நவீனமாக இருக்காது. இந்தக் கையேடுகளைப் படித்துத்தான் நவீனமானவர்கள் எல்லாம் தொழில் கற்றார்கள்.

இனி எதிர்த் தரப்பின் வாதங்களைப் பார்ப்போம். பேத்தியே அவற்றை என்னிடம் வைத்தாள்.

முதல் வாதம்: "எங்க ஆளுங்க எல்லாருக்கும் ரியாக்ட் தெரியும் தாத்தா, ஸ்பிங்க்ஸ் யாருக்கும் தெரியாது." அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவர் நிறைய இருக்கிறார்கள் என்பதற்காகச் சுவரொட்டியையும் தட்டச்சிலேயே அடிப்பதா? கையேட்டைத் திருத்தப் போவது ரியாக்ட் தெரிந்தவர்கள் மட்டும் இல்லை. பரிசோதிக்கிறவர், வாடிக்கையாளரிடம் பேசுகிறவர், வெளியூரிலிருந்து ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டும் மாணவன், எல்லோருக்கும் கை எட்ட வேண்டும். ஒரு காற்புள்ளி திருத்த நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்றால் அந்தக் காற்புள்ளி என்றைக்கும் திருந்தாது.

இரண்டாவது: "டாக்யுசாரஸும் முன்கூட்டியே பக்கத்தைத் தயார் பண்ணித்தான் அனுப்புது. வெள்ளைத் திரை வராது." இது நியாயமான பதில், ஒப்புக்கொள்கிறேன். எழுத்து முதலில் வருகிறது, இயந்திரம் பின்னால் வருகிறது. பதிப்பு வாரியாகக் கையேட்டைப் பிரித்து வைக்கவும் அதில் நல்ல வசதி இருக்கிறது. பக்கத்துக்குள்ளேயே நிரலை ஓட்டிக் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் அதை எடுங்கள். ஆனால் அதன் அடியில் ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் எண்ணற்ற சிறு சிறு பொதிகள் இருக்கின்றன. 2016 மார்ச்சில் லெஃப்ட் பேட் என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் கோபித்துக்கொண்டு எடுத்துவிட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் கட்டுமானம் அன்றைக்கு நின்றது. ஹ்யூகோவோ ஒரே ஒரு கோப்பு. அதை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தால் பத்து வருஷம் கழித்தும் அதே தளத்தை அதே மாதிரி கட்டலாம்.

மூன்றாவது, மேலாளரின் வாதம்: நவீனத் தோற்றம். இதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. கையேட்டைத் தேடி வருகிறவன் ஜவுளிக்கடை ஷோகேஸ் பார்க்க வருகிறவன் இல்லை. அவனுடைய நிரல் ஓடவில்லை. ராத்திரி பதினோரு மணி. காலையில் பதில் சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது ஒரு வரி விடை. அந்த நேரத்தில் மேலிருந்து மிதந்து வரும் படமும், உருட்ட உருட்ட நிறம் மாறும் தலைப்பும் அவனை அவமதிப்பதற்குச் சமம்.

மொழி விஷயம் எனக்கு இதில் மிக முக்கியம். வலை நிரலாளர்கள் தினமும் பார்க்கும் எம்.டி.என். என்ற மொசில்லாவின் கையேடு நெடுநாள் விக்கியாக இருந்தது. 2020 டிசம்பரில் அதைக் கோப்புகளாக்கி கிட்ஹப்புக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம் சரியானது. ஆனால் மாறிய சமயத்தில் மொழிபெயர்ப்புகள் எல்லாம் உறைந்தன. பராமரிக்க ஆள் முன்வந்த மொழிகள்தான் மறுபடி திறந்தன. பிரெஞ்சு அவற்றில் ஒன்று. இன்று அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. வீடு மாறும்போது முதலில் உடைவது சின்னச் சாமான்தான். அதனால் குடிபெயரவே தேவைப்படாத வீடாக, இல்லையென்றால் ஒரு மூட்டையில் கட்டிக்கொண்டு போகக்கூடிய வீடாகப் பார்க்க வேண்டும்.

பைத்தான் கையேட்டைப் பிரெஞ்சிலும் படிக்கலாம். நானே அதில்தான் முதல் பாடத்தைப் படித்தேன், எழுபது வயதுக்கு மேல்! மொழிபெயர்ப்பு அங்கே எப்படி நடக்கிறது என்று பேத்தி காட்டினாள். ஆங்கில மூலம் ஒரு வரி, கீழே பிரெஞ்சு ஒரு வரி. மூலம் மாறினால் கருவியே "இந்த வரியைச் சரிபார்" என்று குறி போட்டுவிடுகிறது. நாங்கள் விதிப் புத்தகத்தில் ஒட்டிய திருத்தச் சீட்டேதான். தமிழில் கையேடு எழுத நாளைக்கு நாலு பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு இந்த மாதிரி ஏற்பாடு கைகொடுக்கும். விழுப்புரத்தில் க்னூ லினக்ஸ் பயனர் குழு நடத்துகிறார்கள், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆட்கள் இல்லாமல் இல்லை.

சட்டகம் தேர்வு செய்கிறவர்கள் தமிழில் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். தேடல் பெட்டியில் 'கோப்பு' என்று அடியுங்கள். 'கோப்பில்', 'கோப்புகளை' என்று வரும் பக்கங்களையும் அது காட்டுகிறதா? காட்டாவிட்டால் தமிழ்க் கையேட்டுக்கு அந்தத் தேடல் பாதிக்கண் குருடு. ஸ்னோபால் என்ற தொகுப்பில் தமிழ்ச் சொல்லின் விகுதியைக் கழித்துப் பார்க்கும் விதிகள் உண்டு. எடுத்துப் பொருத்த மனம்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் ஜைன மடம் இருக்கிறது. சமண நூலான சீவக சிந்தாமணி எத்தனையோ நூற்றாண்டு ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வந்து, 1887-இல் உ.வே.சாமிநாதையர் கையால் முழுதாக அச்சேறியது. ஓலை இற்றுப்போகும் என்று எழுதியவனுக்குத் தெரியும். அதனால்தான் ஓலைக்குத் தங்கப் பூண் போடுவதில் காலம் கழிக்காமல் படி எடுத்தான். நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1998 பொங்கலன்று, பிரெஞ்சு பேசும் லொசானில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அன்றைய தமிழ் எழுத்துருக் குறியீடுகள் இன்று செத்துவிட்டன. அவற்றில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஜோடனை இல்லாத வெறும் எழுத்தாக இருந்ததால் மாற்ற முடிந்தது. இன்றும் அந்தப் பக்கம் எதிர்வீட்டுப் பையனின் கைபேசியில் நொடியில் திறக்கிறது.

ஆகவே பேத்திக்கு ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா புத்தி, எண் போட்டுத்தான் எழுத வரும்.

1. இந்தச் சட்டகம் நாளைக்கே நின்றுபோனால் எங்கள் எழுத்து சாதாரணக் கோப்பாக எங்கள் கையில் இருக்குமா?

2. ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டால் எழுத்தைப் படிக்க முடியுமா?

3. நிரல் தெரியாத ஒருவர் ஒரு பிழையைத் திருத்தி அனுப்ப முடியுமா?

4. இணையம் இல்லாத இடத்துக்கு மொத்தக் கையேட்டையும் எடுத்துப் போக முடியுமா?

5. ஐந்து வருஷம் கழித்தும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் அதே முகவரியாக இருக்குமா?

ஐந்தாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். உலகளாவிய வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 1998-இல் இதற்கென்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். ரியாக்ட்காரர்கள் புதுக் கையேட்டுக்குப் போனபோது பழையதைத் தனி முகவரியில் படிக்க விட்டுவைத்தார்கள். அந்த மரியாதைக்காக அவர்களை நான் பாராட்டுகிறேன்.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேலாளர் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸையே எடுத்துக்கொண்டார். தாத்தா எழுதிக் கொடுத்த தாளை வைத்து அலுவலகத்தில் ஜெயிக்க முடியுமா? ஆனால் என் பேத்தி ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்து முழுவதும் தனி அடைவில், மார்க்டவுன் கோப்புகளாகத்தான் இருக்கும் என்று பிடிவாதம் பிடித்து ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். போனில் அதைச் சொல்லிவிட்டு, "மினூத் நம்மகிட்ட இருக்கு தாத்தா" என்றாள்.

அந்தத் தளம் இரண்டு மூன்று வருஷத்தில் அவர்களுக்கே அலுத்துப்போகும், வேறொன்று கேட்பார்கள். கேட்கட்டும். மூட்டை கட்டித் தயாராக இருக்கிறது.